பதிவேட்டில் ஏறாத மனு

மகனுக்கு,

நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. நலமாகத்தான் இருக்கிறாய். உன் கையெழுத்தே சொல்கிறது. நீ அடித்தவன் நலமா?

சவூதியில் யான்புவிலிருந்து நீ போட்ட கடிதம் நேற்று வந்தது. ஷார்ஜாவில், ரோலாவில் என் அறைக்கு ஏறும் படிக்கட்டிலேயே நின்று படித்தேன். சாப்பாடு பரவாயில்லை என்கிறாய். சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள், கீழே முப்பது பேர் என்கிறாய். பிறகு நாலு வரி. ‘ஒருத்தன் சிமெண்ட் மூட்டை இறக்காமல் உட்கார்ந்துவிட்டான் அப்பா. ஹெல்மெட்டைக் கழற்றி மண்டையில் ஒன்று வைத்தேன். அதற்குப் பிறகு யல்லா யல்லா என்றால் எல்லோரும் ஓட்டம்தான். இங்கே இந்தப் பாஷைதான் செல்லும்.’ அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறாய். திருநெல்வேலிக்கு நான் எழுதவில்லை. அந்த நாலு வரியை மட்டும் திரும்பப் படித்தேன். ரத்தம் வந்ததா என்று இல்லை. அவன் எழுந்தானா என்று இல்லை. அவன் பெயர் இல்லை.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. உன் இடது கைச் சுண்டுவிரலைப் பார். மேல் கணு வெளிப்பக்கம் வளைந்திருக்கும். மாட்டு வண்டியிலிருந்து விழுந்தது என்று உன் நண்பர்களிடம் நீ சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நீ வண்டியிலிருந்து விழவில்லை. உனக்கு ஒன்பது வயது. நான் லீவில் வந்திருந்தேன். துபாய்க்குக் கொண்டுபோக வைத்திருந்த என் சான்றிதழ் ஒன்றின் பின்பக்கம் நீ கிரிக்கெட் ஸ்கோர் எழுதியிருந்தாய். கோடு போடும் உருண்டை ரூல்தடி மேசையில் கிடந்தது. கையை நீட்டு என்றேன். நீட்டினாய். அதுதான் இன்றைக்கும் என்னைத் தூங்கவிடாதது. ஓடாமல் நீட்டினாய். மூன்றாவது அடியில் எலும்பின் சத்தம் கேட்டது. நாலாவதும் அடித்தேன். சத்தம் கேட்ட பிறகு அடித்த அடி அது. உன் அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து தடியைப் பிடுங்கினாள். “அங்க எவன் ஒங்கள அடிக்கான்? அந்தக் கோவத்த எம்புள்ள மேல எறக்குதீகளா?” என்றாள். என்னை யாரும் அடிக்கவில்லை. எனக்கு மேல் ஆள் இருந்தான், கீழே நீ இருந்தாய், அவ்வளவுதான்.

அந்த விரல் உள்ள கையால்தான் நீ ஹெல்மெட்டைக் கழற்றியிருப்பாய். ஆகவே இது கண்டிப்புக் கடிதம் அல்ல. ஒரு வாக்குமூலம். எட்டு ஆண்டுகளுக்கு முன்பு நான் செய்த ஒன்றை நாளைக் காலை ஒரு அலுவலகத்தில் எழுதிக்கொடுக்கப் போகிறேன். அதற்கு முன்பு உனக்குத் தெரிய வேண்டும்.

அப்போது இந்த அமீரகம் ஒரு நாடு அல்ல. ஏழு ஷேக்குகளின் ஏழு கரைகள். வெளிநாட்டு விவகாரமும் பாதுகாப்பும் பிரிட்டிஷ்காரர்கள் கையில், பழைய ஒப்பந்தங்களின்படி. இன்னொரு விசித்திரமும் இருந்தது. மண் ஷேக்குடையது, ஆனால் அதன் மேல் நடக்கும் நம்மைப் போன்ற வெளியார் மீதான வழக்குகள் பிரிட்டிஷார் நடத்திய கோர்ட்டில். உள்ளூர்க்காரன் குத்தினால் உள்ளூர் நீதி. இந்தியன் குத்தினால் வெள்ளைக்கார நீதிபதி. அந்தக் கோர்ட்டில் நான் எழுத்தன். மனு வாங்குவேன், எண் போடுவேன், பதிவேட்டில் ஏற்றுவேன். தமிழன் கூண்டில் ஏறினால் அவன் பேச்சை ஆங்கிலத்தில் சொல்வதும் நான்தான்.

சுதந்திரம் என்றால் ஒருநாள் நள்ளிரவில் கொடி ஏறுவது என்றே நானும் பள்ளி நாட்களில் நினைத்தேன். கல்லூரியில் சரித்திரம் எடுத்த பிறகுதான் தெரிந்தது, நமக்கே நாற்பத்தேழுக்குப் பிறகு இரண்டரை வருடம் லண்டன் ராஜாதான் தலைக்கு மேல் என்று. இங்கே நான் அதைக் கண்ணால் பார்த்தேன். துண்டு துண்டாக வந்தது. முதலில் தபால்தலை மாறியது. பிறகு ரூபாய் போய் வேறு நோட்டு. பிறகு வழக்குகள், ஒவ்வொரு வகையாக. ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு பட்டியல் உண்டு. பட்டியலைத் தட்டச்சு செய்தவன் நான். எழுபத்தொன்று முடிவதற்குள் மிச்சமும் கைமாறும் என்று முடிவாகியிருந்தது. புதிய கூட்டாட்சிக்கு எழுதிய தற்காலிக அரசியல் சாசனத்தின் ஆங்கிலப் பிரதி ஒன்று அலுவலகத்துக்கு வந்தது. மதியச் சாப்பாட்டை மறந்து படித்தேன். எவரையும் வதைக்கக் கூடாது, இழிவுபடுத்தக் கூடாது என்ற பொருளில் ஒரு ஷரத்து. குடிமகன் என்றில்லை, எவரையும். பென்சிலால் அதன் அருகில் ஒரு கோடு போட்டேன். என் நாடு அல்ல. ஆனாலும் இன்னொரு முறை படித்தேன்.

அதே மாதம் சின்னராசு வந்தான்.

இராமநாதபுரம் பக்கம் ஒரு கிராமம். உன் இன்றைய வயதுதான் இருக்கும். துறைமுகத்தில் கல் கொட்டும் சைட்டில் கூலி. டூட்டியை விட்டுவிட்டு வெயிலில் நடந்தே வந்திருந்தான். உதடு வெடித்திருந்தது. “சார் தமிழாமுல்ல. எல்லாரும் சொன்னாக” என்றான். கோடு போட்ட நோட்டுத் தாள் ஒன்றை நீட்டினான். உடன் வேலை செய்பவன் எழுதிக்கொடுத்த மனு. நான் படிப்பதற்குள் சட்டையைக் கழற்றித் திரும்பி நின்றான். முதுகில் குறுக்கும் நெடுக்குமாகத் தடிப்புகள். சில பழையவை, கறுத்தவை. சில வாய் திறந்து நீர் கோத்தவை. சட்டை நூல் ஒன்று புண்ணில் ஒட்டியிருந்தது.

“எதால?”

“ரப்பர் கொழா சார். மிசினுக்குக் காத்து போற கொழா. ஃபோர்மேன் வேலாயுதம். நம்மூரு ஆளுதான்.”

“என்ன செஞ்ச?”

“தண்ணி கேட்டேன். ரெண்டாவது தடவ கேட்டேன்.”

“கேம்ப்ல சொல்லலியா?”

“கேம்ப்ல அவருதான் சார் எல்லாம்.” சிரித்தான். “கொத்தனாரும் அவரு, கொள்ளி வைக்கிறவரும் அவரு.”

நான் அந்த மனுவை வாங்கி, ஆங்கிலத்தில் பெயர்த்து, முத்திரை குத்தி, எண் போட்டிருக்க வேண்டும். அரை மணி நேர வேலை. மறுநாள் ஒரு சம்மன் அந்த சைட்டுக்குப் போயிருக்கும். வேலாயுதம் வந்து என் மேசை முன்னால் நின்றிருப்பான். குழாய் சில வாரங்களாவது கீழே இருந்திருக்கும்.

செய்யவில்லை. யாரும் செய்யாதே என்று சொல்லவில்லை. அதை நீ நம்ப வேண்டும். அந்த வாரம் நான் நிலுவை வழக்குகளை முடித்துக்கொண்டிருந்தேன். கைமாறும் நாளில் நிலுவையில் நிற்கும் ஒவ்வொரு வழக்குக்கும் தனிக் குறிப்பு எழுதி, பட்டியலில் சேர்த்து, புதியவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். எழுத்தர்களுக்குள் ஒரு வீம்பு உண்டு. சுத்தமான பதிவேட்டை ஒப்படைக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில், எல்லா எண்களுக்கும் எதிரே ‘முடிந்தது’ என்று சிவப்பு மையில். அந்த வீம்பு எனக்கு இருந்தது. அதற்கு மேல் இன்னொன்றும் இருந்தது, அதுதான் மோசம். அந்த ஷரத்தை நான் நம்பினேன். வெள்ளைக்காரன் கோர்ட்டின் கடைசி மனுவாக இது ஏன் போக வேண்டும், ஒரு புதிய நாட்டின் முதல் மனுவாகப் போகட்டுமே என்று நினைத்தேன். அழகாக இருந்தது அந்த எண்ணம். அவன் முதுகு என் முன்னால் இருந்தபோதே எனக்கு அழகாக இருந்தது.

“இன்னும் ஆறேழு வாரம் பொறுத்துக்கப்பா. இந்த கோர்ட் போகுது. புது அரசாங்கம் வருது. அதுல ஒன் மனுவ மொதல்ல வைக்கேன்” என்றேன்.

“ஆறு வாரமா சார்?”

“பொறுக்க முடியாதா?”

அவன் சட்டையை மாட்டிக்கொண்டான். புண்ணில் படாமல் மாட்டத் தெரிந்திருந்தது. “நான் பொறுத்துக்கிருவேன் சார். அவரு பொறுக்கணுமே” என்றான்.

மனுவைப் பதிவேட்டின் அட்டைக்கும் உறைக்கும் நடுவில் செருகினேன். வாங்கிக்கொண்டதற்கு நாளோ கையெழுத்தோ போடவில்லை.

மூன்று வாரம் கழித்து அவனைக் கொண்டுவந்தார்கள். கையில் விலங்கு. முன்கை முழுக்கக் காய்ந்த ரத்தம், அவனுடையது கொஞ்சம், மற்றவனுடையது அதிகம். நடந்ததை, விசாரணை வந்தபோது கூண்டில் அவனே சொன்னான். நான் ஒவ்வொரு வாக்கியமாக ஆங்கிலத்தில் சொன்னேன். காலையில் ஒரு கல் அவன் கால் கட்டைவிரல் மேல் விழுந்திருக்கிறது. நகம் பிய்ந்து தொங்கியிருக்கிறது. உட்கார்ந்தான். வேலாயுதம் குழாயோடு வந்தான். முதுகில் ஏழெட்டு. பிறகு குனிந்து, அந்த விரலைப் பார்த்து, அதன் மேல் பூட்ஸ் காலை வைத்து அழுத்தினான். “நடிக்கியாடா?” என்றான். சின்னராசு கைக்கு எட்டியது மண் அள்ளும் ஷவல். தகட்டின் விளிம்பால் அடித்தான். கழுத்தும் தோளும் சேரும் இடம். வேலாயுதம் விழுந்த பிறகும் அடித்தான். எத்தனை முறை என்று நீதிபதி கேட்டார். “எண்ணல சார். மொத தடவ மண்ணுல எறங்குற மாதிரி எறங்குச்சு. பெறகு கல்லுல படுற மாதிரி இருந்துச்சு” என்றான். அதையும் நான் மொழிபெயர்த்தேன். என் குரல் நடுங்கவில்லை. நல்ல மொழிபெயர்ப்பாளன் குரல் நடுங்காது.

வேலாயுதத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவன் பிணத்தைக் கழுவியபோது முதுகில் பழைய தழும்புகள் இருந்ததாக ஆஸ்பத்திரிக் குறிப்பில் எழுதியிருந்தது. அவனும் கூலியாகத்தான் வந்தவன். அந்தக் குறிப்பை யாரும் சத்தமாகப் படிக்கவில்லை.

விசாரணை நடந்தபோது கோர்ட் மூட ஒரு வாரம்கூட இல்லை. எல்லோரும் அவசரத்தில் இருந்தார்கள். நீதிபதி நல்ல மனிதர். பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்: இந்த ஆள் உன்னை அடிக்கிறான் என்று இதற்கு முன் எங்காவது புகார் கொடுத்தாயா? அந்தக் கேள்வியின் கனம் எனக்குத் தெரியும். ஆம் என்றால் இது நெடுநாள் வதையில் வெடித்த கை. சில ஆண்டுகளில் வெளியே வருவான். இல்லை என்றால் வெறும் கொலை.

தமிழில் கேட்டேன். சின்னராசு முகம் தெளிந்தது. கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் குனிந்தான். “குடுத்தேனே சார். ஒங்க கையிலதான குடுத்தேன். அந்த நோட்டுத் தாளு. மறந்துட்டீகளா?”

கோபமே இல்லை. ஞாபகப்படுத்தினான். அவ்வளவுதான்.

நான் நீதிபதியைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னேன்: கேம்ப்பில் யாரிடமோ வாயால் சொன்னதாகச் சொல்கிறான். எழுத்தில் எதுவும் இல்லை.

நீதிபதி எழுதிக்கொண்டார். சின்னராசு என்னைப் பார்த்துத் தலையாட்டினான். தன் பேச்சு போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்தான். பதிவேடு என் முழங்கைக்குக் கீழே இருந்தது. மனு அதன் உறைக்குள் இருந்தது. நான் எடுத்திருக்கலாம். கையை இரண்டு அங்குலம் நகர்த்தினால் போதும். வேலாயுதத்தை அடித்த ஷவலா, என் வாக்கியமா, எது ஆழமாக இறங்கியது என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

பதினைந்து ஆண்டு.

பயந்தேன், வேறில்லை. பிரிந்து போகிற பிரிட்டிஷ்காரர்கள் எனக்கு ஒரு நற்சான்று தருவதாக இருந்தார்கள். அதைக் காட்டினால் புதிய நீதிமன்றத்தில் வேலை கிடைக்கும் என்று எண்ணினேன். தந்தார்கள். நேர்மையானவர், துல்லியமானவர் என்று இருந்தது. புதிய நீதிமன்றத்துக்கு அரபி தெரிந்த எழுத்தர்தான் வேண்டியிருந்தது. அதுதான் நியாயம். நான் பிறகு ரோலாவில் இந்தத் தட்டச்சுக் கடைக்கு வந்து, அரபி கற்று, அடுத்தவர் மனுக்களை அடித்துப் பிழைக்கிறேன். அந்த நற்சான்றை உனக்குக் காட்டியதில்லை. அதன் பின்பக்கம் ஸ்கோர் எழுத நீயும் அப்போது சின்னப் பையன் இல்லை.

டிசம்பர் இரண்டாம் தேதி கொடி ஏறியது. தெருவில் கார்கள் ஹாரன் அடித்தன. உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வழியில் நின்ற என்னைக் கட்டிப்பிடித்தார். அவர் சந்தோஷம் உண்மையானது. அவர் மண் அவருக்கு வந்தது. என் கோட்டுப் பையில் கைதிகள் பட்டியலின் நகல் இருந்தது. ஒரு அரசு இன்னொரு அரசிடம் ஒப்படைத்த பட்டியல். கட்டடங்கள், மேசை நாற்காலிகள், கோப்புகள், பிறகு ஆட்கள். சின்னராசு பெயரைச் சரியான எழுத்துகளில் அடித்திருந்தேன். பதிவேடு சுத்தமாக இருந்தது. எல்லா எண்ணுக்கும் எதிரே சிவப்பு மை. புதிய நாட்டின் முதல் மனுவாக எதையும் நான் வைக்கவில்லை. உறைக்குள்ளிருந்ததை அதற்கு முன்பே எடுத்து என் பெட்டியின் அடியில் போட்டிருந்தேன். ஏன் கிழிக்கவில்லை என்று கேட்காதே. தெரியாது.

பெருநாளுக்குப் பெருநாள் சின்னராசுவைப் பார்க்கச் சிறைக்குப் போவேன். முதல் தடவை போனபோது கையெடுத்துக் கும்பிட்டான். “நான் சொன்னத ஒண்ணுவிடாம இங்கிலீசுல எடுத்துச் சொன்னீக சார். சொந்தக்காரன்கூட அப்படிப் பேசமாட்டான்” என்றான். எட்டு ஆண்டுகளாக இதையே சொல்கிறான். நான் வாழைப்பழம் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். ஒரு காது அவனுக்கு இப்போது கேட்பதில்லை. வேலாயுதம் அடித்த காது. தலைமுடி பாதி நரைத்துவிட்டது. கடைசியாகப் போனபோது உன்னைப் பற்றிக் கேட்டான்.

“ஐயா மகன் எங்க இருக்காரு?”

“யான்புல. சைட்டுல.”

“அடிக்கிற வேலையா, அடி வாங்குற வேலையா?”

“ரெண்டும் இல்லப்பா. படிச்ச வேலை.”

அவன் கேட்கும் காதைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். “நடுவுல ஒண்ணு இருக்கா சார்?”

நான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். பத்து நாளில் உன் கடிதம் வந்தது.

நேற்று அந்த மனுவை எடுத்தேன். மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருக்கிறது. அதோடு என் வாக்குமூலத்தை அரபியில் நானே தட்டச்சு செய்தேன். மனு வந்ததை, வாங்கியதை, மறைத்ததை, கூண்டின் முன்னால் நான் சொன்ன பொய்யை. அடுத்தவருக்கு ஆயிரம் மனு அடித்திருக்கிறேன். முதல்முறையாக ‘நான்’ என்ற சொல்லுக்கு விரல் தடுமாறியது. அறைத் தோழர் நடராஜன் எட்டிப் பார்த்துப் படித்தார்.

“எட்டு வருசங் கழிச்சா? கலாஸ் சார், எல்லாம் முடிஞ்சு போச்சு. அந்த கோர்ட்டே இல்ல, அந்த நாடே இல்ல. யாருகிட்டக் குடுப்பீங்க?”

“இருக்கிற நாட்டுகிட்ட.”

“ஒங்களப் புடிச்சு உள்ள வச்சுட்டு அவன வெளிய விடுவான். தலைக்குத் தலை சரியாப் போச்சும்பான்.”

“சரியாத்தான இருக்கும்” என்றேன். அவர் என் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிவைத்திருக்கிறார்.

என்ன நடக்கும் என்று தெரியாது. ஏற்றுக்கொள்வார்களா, பழைய கோர்ட் முடித்ததைத் திறப்பார்களா, தெரியாது. மன்னிப்பு வழங்கும் பட்டியலில் அவன் பெயரைச் சேர்க்கலாம். என் விசாவை ரத்து செய்து அனுப்பிவிடலாம். அதற்கு மேலும் செய்யலாம். தற்காலிகம் என்று எழுதிய அந்தச் சாசனம் இன்னும் தற்காலிகமாகவே நீடிக்கிறது. அந்த ஷரத்தும் அப்படியே இருக்கிறது. நான்தான் அதைக் காட்டி ஒருவனைக் காக்கவைத்தேன். காலம் கனியட்டும், ஒழுங்கு வரட்டும், சட்டம் வரட்டும் என்று சொல்வது முதுகில் புண் இல்லாதவனுக்கு எளிது. அவனுக்கு அன்றைக்கே வேண்டும். ஒப்படைக்கும் கை விட்டு, வாங்கும் கை பிடிப்பதற்குள் இருந்த அந்த ஆறு வாரத்தில் ஒருவன் செத்தான், ஒருவன் முடிந்தான். இரண்டு அரசுகளும் அதைச் செய்யவில்லை. நடுவில் உட்கார்ந்திருந்த நான் செய்தேன்.

நீ வேலையை விட வேண்டும் என்று சொல்லவில்லை. பயந்துகொள் என்றும் சொல்லவில்லை, பயந்தால் இன்னும் பலமாக அடிப்பாய். உன் சைட்டிலும் ஷவல்கள் சாத்தியிருக்கும். ஆனால் அதற்காக இதை எழுதவில்லை. உன்னை யாரும் கொல்லாமல் நீ அறுபது வயது வரை அடித்துக்கொண்டே இருப்பதுதான் எனக்கு அதிகப் பயம்.

மூல மனு நாளை என்னோடு போகிறது. அதன் நகலை என் கையால் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அதில் உள்ள எழுத்துப் பிழைகளையும் அப்படியே எழுதியிருக்கிறேன். மூலத்தின் மேல் ஓரத்தில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதி, இன்றைய தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். எட்டு ஆண்டு தாமதம்.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே, மறுநாள் அல்ல, அந்த சிமெண்ட் மூட்டைக்காரனிடம் போ. அவன் தலையைப் பார். ஏன் உட்கார்ந்தாய் என்று கேள். அன்றைக்குக் கேட்டிருக்க மாட்டாய். அவன் சொல்வதை அப்படியே எனக்கு எழுது, ஒரு சொல்லையும் மாற்றாமல்.

முதல் வரியில் அவன் பெயர் இருக்கட்டும்.

அப்பா